ஏழு மணி ஜெபம்

“கர்த்தாவே, இந்த வீட்டில் இரண்டு நாளாக மீன்குழம்பில் உப்பு இல்லை என்பதை நீர் அறிந்திருக்கிறீர்” என்று நான் ஜெபித்ததும், எதிரே முழங்காலில் நின்றவள் சிரித்துவிட்டாள். சத்தம் இல்லை. மூக்கு வழியாக ஒரு காற்று, அவ்வளவுதான். ஆனால் சிரிப்பு சிரிப்புதானே. நான் கண்ணைத் திறக்கவில்லை. முப்பத்துநான்கு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் காலை ஜெபம் நடத்தியவள் நான். கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பையன் எவனைக் கிள்ளுகிறான் என்று சொல்லிவிடுவேன்.

மறுநாள் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. ஆண்டவர் கேட்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், ஐயரம்மா. பரவாயில்லை, சிரியுங்கள். உங்கள் வீட்டு ஐயர் இந்தச் சபைக்குப் போதகராக மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் நீங்கள் வீடு வீடாகப் போய் ஜெபக்குறிப்பு உண்டா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். நல்ல காரியம். முன்னால் இருந்த ஐயரம்மா வாசலிலேயே நின்று, “எல்லாரும் சுகந்தானே டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்னால் குடையை விரித்துவிடுவார்கள். எனக்கும் ஒரு ஜெபக்குறிப்பு இருக்கிறது. ஆனால் இதைக் கேட்டால்தான் அதை எப்படி எழுதுவது என்று உங்களுக்குத் தெரியும்.

சிரித்தவள் என் மருமகள் ஹெப்சிபா. என் மகன் கிங்ஸ்லியின் மனைவி. அவள் இந்த வீட்டில் இருப்பதா போவதா என்பது, இந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால், இருபத்திரண்டு நாள் என் வாயில் நின்றது. என் வாயில் என்றா சொன்னேன்? ஆண்டவருடைய வாயில். நான் என்ன சொல்ல இருக்கிறது.

கிங்ஸ்லி போய் இரண்டரை வருஷம் ஆகிறது. டிசம்பர் பதினெட்டு. கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுடப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தோம். நான் சட்டியைப் பார்த்துவிட்டு, “கருப்பட்டி பத்தாது” என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். சட்டியிடம் சொன்னேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். இவள்தான் முன்வாசலுக்குப் போனாள். அவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். “ஒரு எட்டு நாசரேத் கடைக்குப் போயிட்டு வந்துருங்க. அத்தைக்குக் கருப்பட்டி வேணுமாம்” என்றாள். மழை ஓய்ந்த நேரம். நல்ல வெளிச்சம் இருந்தது. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், வளைவில், ஒரு லாரி.

அதற்கு மேல் நான் யாரிடமும் சொன்னதில்லை.

“போயிட்டு வந்துருங்க” என்று சொன்னது அவள் வாய். அது என் காதில் விழுந்தது. விழுந்ததை என்ன செய்ய முடியும்? அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். சண்டை போட்டு நிறுத்தவில்லை. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தோம்; பேச்சு நின்றிருந்தது. அவள் முதலில் “அத்த, காப்பி”, “அத்த, வெந்நீர் வச்சிருக்கேன்” என்று சொல்லிப் பார்த்தாள். நான் காப்பியைக் குடித்தேன். பதில் சொல்லவில்லை. பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

ஏழு நாள் சபையார் வந்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில் ஜமக்காளத்தைக் கொண்டுவந்து விரித்து, பாட்டுப் பாடி, ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபித்தார்கள். அதெல்லாம் வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானே பல வீடுகளில் போய் உட்கார்ந்து எப்போது முடியும் என்று பார்த்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில் அந்த ஏழு நாளும் நான் மூச்சுவிட்டது அந்த ஒரு மணி நேரம்தான். மற்றவர்கள் வாயால் என் பாரத்தைச் சொல்லும்போது, அதை நான் தூக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மெஞ்ஞானம் என்று ஒரு தாத்தா, பல் இல்லாதவர், என்ன ஜெபிக்கிறார் என்றே புரியாது. அவர் ஜெபித்தபோதுதான் எனக்கு முதலில் அழுகை வந்தது.

எட்டாம் நாள் யாரும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எல்லார் வீட்டிலும் விருந்தாளிகள். சாத்தான்குளத்திலிருந்து அவள் அப்பா வேன் பிடித்துக்கொண்டு வந்து, “வாம்மா, நம்ம வீட்டுக்குப் போவோம்” என்றார். அவள் வரமாட்டேன் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பேச்சே இல்லையே, எப்படிக் கேட்பது? வேன் போய்விட்டது. ஏழு மணி ஆனதும் நான் பாயை விரித்து முழங்கால்போட்டேன். அவள் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே முழங்கால்போட்டாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பேன். நான் ஜெபிப்பேன். பிறகு அவள். பரமண்டல ஜெபத்தோடு முடிப்போம்.

என் ஜெபத்தில் நான் யாரையும் குத்திக்காட்டுகிறவள் அல்ல. ஆனால் ஆண்டவரிடம் எதை மறைக்க முடியும்? “இந்தப் பிள்ளை வாசல் விளக்கைப் பகலெல்லாம் எரியவிடுகிறது, இதற்கு நல்ல கவனத்தைத் தாரும்” என்று சொன்னால் அது ஜெபம்தான். அவளிடம் சொன்னால்தான் குறை. உப்பு விஷயமும் அப்படித்தான்.

ஆண்டவர் எனக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் கொடுத்தார் என்பதற்கு நானே சாட்சி. ஒருநாள், “முழங்காலில் நிற்க முடியவில்லை, பெலன் தாரும்” என்று கேட்டேன். மறுநாள் பாயில் நான் முழங்கால்போடுகிற இடத்தில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்த சின்னத் தலையணை ஒன்று கிடந்தது. இன்னொரு நாள், கிங்ஸ்லியின் அறையைத் தாண்டித் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்று ஜெபித்தேன். அறுபத்துமூன்று வயதில் பயம் என்று சொல்ல வெட்கம். ஆண்டவரிடம் என்ன வெட்கம். அதற்கடுத்த நாளிலிருந்து எனக்குப் பயம் போய்விட்டது. இவள் அறையில் புழுக்கமோ என்னவோ, பாயைத் தூக்கிக்கொண்டு வந்து என் கதவுக்கு வெளியே படுக்க ஆரம்பித்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அது ஒரு இடைஞ்சல். ஆனால் பயம் இல்லை.

வேதாகமம் வந்ததைச் சொல்லவில்லையே. கண் மங்கி எழுத்து தெரியவில்லை என்று ஜெபித்தேன். பத்து நாளில் பெரிய எழுத்து வேதாகமம், புதுசு, மேசையில் இருக்கிறது. அவள் நாசரேத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள் அப்போது. காற்றைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, “யாரோ கடையில குடுத்துட்டுப் போனாங்க” என்றாள். யாரோ! இதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சியாகச் சொன்னேன். முகம் தெரியாத ஒரு கையைக் கொண்டு தேவன் என் தேவையைச் சந்தித்தார் என்று சொன்னபோது எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஹெப்சிபா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதெல்லாம் விசுவாசம் குறைவு.

அவள் ஜெபத்தைக் கேட்கிறீர்களா? முதல் ஐந்து மாதம் ஒன்றும் கிடையாது. அவள் முறை வந்ததும் நேராகப் பரமண்டல ஜெபம். அந்த உப்புக்குச் சிரித்தாளே, அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். முதல் ஜெபமே, “ஆண்டவரே, அத்த பிரஷர் மாத்திரையக் காலையில போட மறந்துட்டு மத்தியானம் ரெண்டாப் போடுதாங்க. நீர் பாத்துக்கிடும்.” பாருங்கள், என்னைப் பற்றி ஆண்டவரிடம் கோள்! எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் காலை காப்பிக்கு முன்னாலேயே மாத்திரையைப் போட்டுவிட்டேன்.

ஒருநாள் வேறு மாதிரி ஜெபித்தாள். “ஆண்டவரே, எனக்குச் சத்தம் போட்டு அழணும். கடையில முடியாது. இங்க அத்த இருக்காங்க. ஒரு இடம் குடும்.” அவ்வளவுதான். ஆமென்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் நான் கச்சனாவிளைக்கு என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வேலையும் இல்லை, சும்மாதான். ரொம்ப நாளாகப் பார்க்கவில்லையே என்று. சாயங்காலம் ஆறு மணி வரை இருந்தேன். தங்கைகூட, “என்னக்கா, ஊர் உலகத்துல இல்லாத அதிசயமா நாள் முழுக்க உக்காந்திருக்க?” என்று கேட்டாள். திரும்பி வந்தபோது ஹெப்சிபாவின் முகம் வீங்கியிருந்தது.

இப்படியே இரண்டு வருஷம். ஐயரம்மா, உங்கள் வயதுக்கு இது புரியுமோ என்னவோ. காலையில் எழுந்தால் நாள் ஒரு பெரிய வெட்டவெளி மாதிரிக் கிடக்கும். ஏழு மணிக்கு அந்தக் கால்மணி நேரம் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கடப்பேன். பேச ஒரு இடம். எனக்கு ஆண்டவரை விட்டால் பேச யார் இருந்தார்கள்?

அப்புறம்தான் தூத்துக்குடிச் சம்பந்தம் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், செல்வின் துரை என்று பெயர். மனைவி இறந்து மூன்று வருஷம். ஆறு வயதில் ஒரு பெண்பிள்ளை. பழைய ஐயரம்மா கடைக்கே போய் இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்டருக்குள் பதில் வேண்டும் என்றார்களாம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜெபத்தில் சொன்னாள்.

“ஆண்டவரே, அது தாயில்லாப் பிள்ள. எனக்குப் போகணும் போலவும் இருக்கு, போகாண்டாம் போலவும் இருக்கு. எனக்குச் சுயமா ஒண்ணும் தெரியல. நீர் யாரு வாயாலயாவது சொல்லும். நீர் சொல்லலன்னா நான் போகமாட்டேன்.”

நான் அவசரமாகப் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிட்டேன்.

மறுநாளிலிருந்து நான் ஜெபிக்காத விஷயம் இல்லை. மழைக்கு ஜெபித்தேன். வட இந்திய மிஷனரிகளுக்கு ஜெபித்தேன். பழைய ஐயரின் சர்க்கரை வியாதிக்கு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைக்கு, மெஞ்ஞானம் தாத்தாவின் காணாமல்போன ஆட்டுக்கு. அந்த ஆடு கிடைத்துவிட்டது. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் எனக்கு ஒன்றும் உணர்த்தப்படவில்லை. உணர்த்தப்படாமல் நாமாக எப்படிப் பேசுவது? அது பாவம் இல்லையா? நான் அவளைத் தடுக்கவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் போதுமாக இருந்தது.

ஒவ்வொரு நாளும் என் முறை வரும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும். நான் ஆமென் சொன்னதும் விடுவாள்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அன்று இருபத்திரண்டாம் நாள். கோயிலில் தந்த குருத்தோலையைக் கதவில் செருகிவிட்டு வந்து முழங்கால்போட்டோம். அன்று அவள், “நான் மொதல்ல ஜெபிக்கிறேன்” என்று சொல்வதுபோல் என்னை முந்திக்கொண்டாள். “ஆண்டவரே, நீர் ஒண்ணும் சொல்லல. அதுதான் உம்ம சித்தம்னு எடுத்துக்கிடுதேன். நாளைக்கு ஐயரம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். அத்தைக்கும் துணைக்கு ஆளு வேணும். ஸ்தோத்திரம்.”

அழவில்லை. கோபமும் இல்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகள் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்வார்களே, அப்படி ஒரு குரல். ‘ஸ்தோத்திரம்’ என்று நானும் சொல்லி முடித்திருக்க வேண்டும். அதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

ஐயரம்மா, நான் சுத்தத் தமிழில் ஜெபிக்கிறவள். அது என் பழக்கம். அன்று வாயில் வந்தது அடுக்களைப் பேச்சு. “பத்தாதுன்னு சொன்னது நான்தான், ஆண்டவரே” என்றேன். “கருப்பட்டி பத்தாதுன்னு சொன்னது நான். அவ எனக்காகத்தான் அவனை அனுப்புனா. இந்த வீட்டுல நான் ஒண்ணு இல்லன்னு சொன்னா அது எனக்கு வந்தாகணும். அவ வாயில பழியப் போட்டுட்டு நான் இருந்துட்டேன். ஹெப்சிபாவ அனுப்பிரும். அவ போகட்டும். நான் இருந்துக்கிடுவேன்.”

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆவியானவர் பேசினார் என்றுதான் நினைக்கிறேன். நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். அவளும் சொல்லவில்லை. “தெரியும் அத்த” என்றாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் கண்ணும் திறந்திருந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆண்டவரிடம் சொல்லவில்லை.

பிறகு எழுந்து தோசை வார்த்தாள். நான் சட்னி அரைத்தேன்.

ஈஸ்டர் முடிந்து மூன்று ஞாயிறு கோயிலில் அவளுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலையன்று பழைய ஐயர், “இவர்கள் விவாகத்துக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் அறிவிக்கவேண்டும்” என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். அப்போது பார்த்து எனக்கு இருமல் வந்தது. வெறும் இருமல், காலையிலிருந்தே தொண்டை சரியில்லை. அதற்குள் முன்வரிசையில் இரண்டு பேர் தலையைத் திருப்பிவிட்டார்கள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போகும்வரை அப்படியே இருந்தேன். டீச்சர் அழுதாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இருமல்தான்.

கல்யாணத்தில் அந்தச் சின்னப் பிள்ளை இவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மோதிரம் மாற்றும்போதுகூட மறு கையைப் பிடித்துக்கொண்டது. நல்ல பிள்ளை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். “சாப்டீங்களா அத்த?” என்பாள். “சாப்ட்டேன். நீ?” என்பேன். “சாப்ட்டேன்” என்பாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச வராது. போனை வைக்கவும் மனசு வராது. அங்கே கப்பல் ஊதுகிற சத்தம் கேட்கும்.

ஏழு மணிக்கு நான் தனியாக ஜெபிக்கிறேன். விட்டதில்லை. அதில் ஆறுதல் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஜெபித்து முடித்தால் அன்றைய நாள் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒரு மாற்றம். முன்பு கேட்டவுடன் கிடைத்தது. இப்போது ஆண்டவர் கொஞ்சம் தாமதிக்கிறார். தலையணைப் பஞ்சு அமுங்கிப்போய் முழங்கால் மறுபடி வலிக்கிறது. மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மச்சில் எலி ஓடுகிறது. அதையும் சொன்னேன். போன வாரம் குழம்பில் உப்பு கூடிவிட்டது. நான்தான் வைத்தேன். அதைப் போய் என்னவென்று ஜெபிப்பது?

என் விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று யோசிக்கிறேன். முன்பு இருந்த பலம் இப்போது ஜெபத்தில் இல்லை. அதைத்தான் குறிப்பாக எழுதுங்கள். ‘தங்கபுஷ்பம் டீச்சரின் விசுவாசம் பெருக.’ அவ்வளவு போதும். மற்றதை எழுத வேண்டாம்.

எழுதியாயிற்றா? சரி, ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுப் போங்கள். எனக்காக மட்டும் இல்லை. உங்கள் பாரத்தையும் சொல்லுங்கள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

*

ஆமென்.

நல்ல ஜெபம். சுருக்கமாக, நேராக இருந்தது. புது இடத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை, நீங்கள் இருக்கிற குருமனைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, சோறு பொங்கினால் மஞ்சளாக வருகிறது. எல்லாம் சொன்னீர்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார். அவர் கேட்காமல் விடமாட்டார், நீங்கள் சோர்ந்துபோகாதீர்கள்.

இருங்கள், கிளம்பிவிடாதீர்கள். ஒரு நிமிஷம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டம் யார் வீட்டில் என்று சொன்னீர்கள்? ரோஸ்லின் வீட்டிலா? அவள் வீட்டில் நாய் உண்டு, கட்டிப்போடச் சொல்லுங்கள். ஸ்கூட்டரைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடியுங்கள். இந்தக் கேனைக் கால் வைக்கிற இடத்தில் வைத்துவிடுகிறேன். நல்ல தண்ணீர்தான், எங்கள் அடிபம்பில் பிடித்தது. மூடி கொஞ்சம் லூசாக இருக்கிறது, ரயில்வே கேட்டுப் பக்கம் மெதுவாகப் போங்கள். கேனை வியாழக்கிழமை அனுப்பினால் போதும்.